டக்கார் பைக்கில் அப்படி என்ன இருக்கு? நம் பைக்குக்கு அதில் எது தேவை, எது ஆபத்து?

ரீல்ஸில் ஒரு பைக் வீடியோவுக்கு லைக் போட்டுவிட்டால் போதும். மறுநாளிலிருந்து பாலைவன மணல் மேட்டைத் தாண்டிப் பறக்கும் மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டி வரும். அடுத்த வாரமே ஆஃப்டர் மார்க்கெட் சைலன்ஸர், முள் டயர், ‘ராலி கிட்’ விளம்பரங்களும் பின்னாலேயே வரும். ஜனவரி மாதத்தில் டக்கார் ராலி நடக்கும் இரண்டு வாரங்களில் இது இன்னும் அதிகம்.

ஆர்வத்தில் தப்பில்லை. ஆனால், அந்த பைக்கின் ஒவ்வொரு பாகமும் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாமல், பார்க்க நல்லாயிருக்கே என்று நம் பைக்கில் மாட்டும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பணமும் போகிறது, பாதுகாப்பும் போகிறது. அதனால், போட்டிக்கான ஆஃப் ரோடு பைக்கை ஒருமுறை பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

முதலில், எல்லா ‘டர்ட் பைக்’கும் ஒன்றா?

இல்லை. போட்டி எப்படியோ, பைக்கும் அப்படி.

மோட்டோகிராஸ் என்பது மண்ணில் அமைத்த மூடிய டிராக்கில் அரை மணி நேரத்தை ஒட்டி நடக்கும் பந்தயம். அதற்கான பைக்கில் ஹெட்லைட், ஹாரன், மிரர், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எதுவும் கிடையாது. சைடு ஸ்டாண்டுகூட இருக்காது. டாங்க் கொள்ளளவு 7 லிட்டரை ஒட்டித்தான் இருக்கும். பந்தயம் முடிய அது போதும், அதற்கு மேல் சுமப்பது வீண் எடை.

டிரையல்ஸ் என்பது காலைத் தரையில் ஊன்றாமல் பாறைகள் மீது ஏறி இறங்கும் போட்டி. அந்த பைக்கில் உட்கார சீட்டே இருக்காது. நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும்.

எண்டியூரோ என்பது காடு, மலை வழியாக மணிக்கணக்கில் ஓடும் போட்டி. இடையில் பொதுச் சாலையிலும் செல்ல வேண்டியிருப்பதால் ஹெட்லைட் போன்ற அடிப்படைகள் இருக்கும்.

நான்காவது ராலி ரெய்டு. டக்கார் இந்த வகை. இரண்டு வாரம், சுமார் 8,000 கிலோமீட்டர். ஒரு நாள் மணல், மறுநாள் கல், அதற்கு மறுநாள் இரண்டும் சேர்ந்து. 1978 டிசம்பரில் பாரிஸில் தொடங்கிய இந்தப் போட்டி 2009 முதல் தென் அமெரிக்காவிலும், 2020 முதல் சவுதி அரேபியாவிலும் நடக்கிறது. நாம் இங்கே பிரித்துப் பார்க்கப் போவது முக்கியமாக இந்த ராலி பைக்கை. எஞ்சின் திறனும் சர்வீஸ் கணக்கும் வரும் இடங்களில் மட்டும் மோட்டோகிராஸ் பைக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்வோம்.

எஞ்சின் ஏன் வெறும் 450 சிசி?

உலகின் மிகக் கடினமான ராலி என்றால் 1,000 சிசி எஞ்சின் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அப்படிப் பெரிய எஞ்சின்கள்தான் ஜெயித்தன. 1980-களில் பிஎம்டபிள்யூவும் ஹோண்டாவும் இரட்டை சிலிண்டர் பைக்குகளில் பட்டம் வென்றன. இன்றைக்கு ஷோரூமில் நாம் பார்க்கும் பெரிய ‘அட்வென்ச்சர்’ பைக்குகளின் வம்சாவளி அங்கேதான் தொடங்குகிறது.

ஆனால், மணலில் வேகம் கூடக் கூட விபத்தின் கடுமையும் கூடியது. 2011 முதல் எல்லா வீரர்களுக்கும் 450 சிசி உச்சவரம்பு கொண்டுவரப்பட்டது. அதாவது, டக்கார் பைக்கின் முதல் அடையாளமே ஒரு கட்டுப்பாடுதான்.

அதே 450 சிசியில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்கு ஒரு ஒப்பீடு. நம் ஊர் சாலைகளில் ஓடும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-ன் எஞ்சின் 452 சிசி, திறன் சுமார் 40 பிஎச்பி, எடை 196 கிலோ. கேடிஎம் நிறுவனத்தின் 450 எஸ்எக்ஸ்-எஃப் என்ற மோட்டோகிராஸ் பைக்கில் கிட்டத்தட்ட அதே அளவு எஞ்சின். ஆனால், திறன் 60 பிஎச்பிக்கு மேல், பெட்ரோல் இல்லாத எடை 100 கிலோவை ஒட்டித்தான்.

அப்போ ஹிமாலயன் மட்டமா? இல்லீங்க. இரண்டும் வேறு வேறு வேலைக்குப் பிறந்தவை. அந்தக் கூடுதல் திறனுக்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் கீழே பார்ப்போம்.

300 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் எதுக்கு?

ராலி பைக்கின் சஸ்பென்ஷன் முன்னும் பின்னும் ஏறக்குறைய 300 மி.மீ. அளவுக்கு இறங்கி ஏறும். ஒரு பள்ளி ஸ்கேல் நீளம். ஹிமாலயன் 450-ல் இது 200 மி.மீ. வேகமாகப் போகும்போது கண்ணில் படாத ஒரு பள்ளம், மணல் மேட்டுக்குப் பின்னால் திடீரென்று வரும் இறக்கம், இதையெல்லாம் வாங்கிக்கொள்ளத்தான் இவ்வளவு நீளம்.

இதற்குக் கொடுக்கும் விலை உயரம். ராலி பைக்கின் சீட் தரையிலிருந்து சுமார் 96 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவருக்குக் காலின் நுனி விரல்கூடச் சரியாக எட்டாது. ராலி வீரருக்கு அது பெரிய பிரச்சினை இல்லை. அவர் நாளில் பெரும்பகுதி ஃபுட் பெக்கில் நின்றுகொண்டே ஓட்டுகிறார். ஆனால், கிண்டி சிக்னலில் நிமிடத்துக்கு ஒருமுறை கால் ஊன்றும் நமக்கு?

சக்கரமும் காரணத்தோடுதான் இருக்கிறது. முன்னால் 21 இன்ச், பின்னால் 18 இன்ச். பெரிய முன்சக்கரம் கல்லில் இடித்து நிற்காமல் ஏறிக் கடக்கும். ஸ்போக் சக்கரம் அடி வாங்கினால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அலாய் சக்கரம் விரிசல் விடலாம். இந்த 21-18 கூட்டணி ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-லும் இருக்கிறது. போட்டியிலிருந்து ஷோரூமுக்கு வந்த நல்ல விஷயங்களில் இது ஒன்று.

பெட்ரோல் மூன்று இடத்தில், டயருக்குள் காற்றே இல்லை

பாலைவனத்தில் பங்க் இருக்காது. அதனால் ராலி பைக்கில் 30 லிட்டருக்கு மேல் எரிபொருள் ஏறும். ஒரே டாங்க்கில் இவ்வளவையும் மேலே வைத்தால் மணலில் பைக் ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிர்த்த முடியாது. எனவே, முன்னால் இரண்டு பக்கமும் தாழ்வாக ஒவ்வொரு டாங்க், சீட்டுக்குப் பின்னால் ஒன்று எனப் பிரித்து வைக்கிறார்கள். எந்த டாங்க் முதலில் காலியாக வேண்டும் என்பதை வீரரே தீர்மானிக்கிறார். முன்பக்க எடை, பின்பக்க எடையை அப்படித்தான் அவர் ஓட்டத்திலேயே சமன்படுத்துகிறார்.

டயர் இன்னும் சுவாரசியம். உள்ளே டியூபோ காற்றோ கிடையாது. மூஸ் எனப்படும் கெட்டியான ஃபோம் வளையம் இருக்கும். ஆணி ஏறினாலும் பஞ்சர் ஆகாது. கேட்டவுடன் ‘நம்ம பைக்குக்கும் இதைப் போட்டா என்ன?’ என்று தோன்றும். போடக் கூடாது. தொடர்ந்து வேகமாக ஓடும்போது ஏறும் சூட்டில் ஃபோம் சிதையத் தொடங்கும். ராலி அணிகள் அதை அடிக்கடி மாற்றிவிடுகின்றன. தார் ரோட்டில் தினமும் ஓடுவதற்காக அது செய்யப்படவே இல்லை.

எஞ்சினுக்குக் கீழே கல் அடிபடாமல் இருக்கத் தடித்த கவசத் தட்டு உண்டு. கருவிகளும் அவசரத்துக்கான குடிநீரும் பைக்கிலேயே போகும். மெக்கானிக் வர முடியாத இடத்தில் வீரரே பைக்கைக் கழற்றி மாட்ட வேண்டும் என்பதால், பல பாகங்கள் சட்டென்று கழற்றும்படி பொருத்தப்பட்டிருக்கும். ‘ஒரிஜினல்’ என்ற பிரிவில் போட்டியிடுபவர்களுக்கு உதவியாளரே கிடையாது. நாள் முழுக்க ஓட்டிவிட்டு, இரவில் தங்கள் பைக்கைத் தாங்களே சர்வீஸ் செய்துவிட்டுத்தான் தூங்கப் போவார்கள்.

ஹேண்டில்பாருக்கு மேலே நிற்கும் கோபுரம்

ராலி பைக்கைப் பார்த்தவுடன் அடையாளம் காட்டுவது அந்த நேவிகேஷன் டவர்தான். அதில் கூகுள் மேப்ஸ் ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். சொந்தமாக ஜிபிஎஸ் வைத்துக்கொண்டு வழி பார்ப்பதற்குத் தடை.

வீரருக்குக் கிடைப்பது ரோடுபுக். எத்தனையாவது கிலோமீட்டரில் எந்தத் திசையில் திரும்ப வேண்டும், எங்கே பள்ளம், எங்கே ஆபத்து என்று குறியீடுகளில் எழுதப்பட்ட வழிக்குறிப்பு. பல ஆண்டுகள் இது காகிதச் சுருளாக ஒரு பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது டேப்லெட் திரைக்கும் வந்துவிட்டது. இடது கைப் பெருவிரலால் ஒரு ஸ்விட்சைத் தட்டித் தட்டி நகர்த்த வேண்டும். பக்கத்தில் தூரம் காட்டும் கருவி, திசை காட்டும் கருவி. 100 கி.மீ. வேகத்தில் நின்றுகொண்டே படித்து, கணக்குப் போட்டு, ஓட்ட வேண்டும். வழி தவறினால் அரை மணி நேரம் போச்சு. அதனால்தான் டக்காரில் வேகமானவரே ஜெயிப்பார் என்று சொல்ல முடியாது.

இதோடு, பின்னால் கார் அல்லது டிரக் நெருங்கினால் அலறும் எச்சரிக்கைக் கருவி உண்டு. வீரர் எங்கே இருக்கிறார் என்று செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும் கருவியும் உண்டு. அவர் விழுந்து அசையாமல் கிடந்தால் தகவல் போகும், ஹெலிகாப்டர் கிளம்பும்.

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். ராலி பைக்கின் சிறப்பம்சங்களில் ஹெலிகாப்டரும் ஒன்று!

சர்வீஸ் கணக்கு கிலோமீட்டரில் இல்லை

மேலே சொன்ன ‘விலை’ இதுதான். மோட்டோகிராஸ் பைக்குகளின் சர்வீஸ் கையேடு கிலோமீட்டரைப் பேசாது, மணி நேரத்தைப் பேசும். சில மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றம், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஏர் ஃபில்டர் சுத்தம். 50 மணி நேர அளவில் பிஸ்டனையே மாற்றச் சொல்லும் மாடல்கள் உண்டு.

நம் கணக்குக்கு வருவோம். தாம்பரத்திலிருந்து ஓஎம்ஆர் அலுவலகத்துக்குப் போக வர தினமும் இரண்டு மணி நேரம் என்றால், 25 வேலை நாளில் 50 மணி நேரம் முடிந்துவிடும். மாதா மாதம் பிஸ்டன் மாற்றுவீர்களா?

ராலி எஞ்சின் இதைவிடப் பொறுமையானது. இரண்டு வாரம் தாங்க வேண்டும் என்பதற்காகவே அதன் டியூனிங் மென்மையாக வைக்கப்படுகிறது. போட்டிக்கு நடுவில் எஞ்சினை மாற்றினால் நேர அபராதமும் உண்டு. ஆனால் அதற்கும் ஒவ்வொரு இரவும் மெக்கானிக்குகள் கை வைக்கிறார்கள். போட்டி பைக் என்றால் உறுதியான பைக் என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில், அது அடிக்கடி பிரித்துச் சேர்ப்பதற்காகவே செய்யப்பட்ட பைக்.

ரீல்ஸில் தெரியாத பாகம்: விதிகள்

டக்கார் பைக்குக்கு ஹெட்லைட்டும் நம்பர் பிளேட்டும் உண்டு. ஏன்? முகாமிலிருந்து பந்தயம் தொடங்கும் இடம் வரை அவர்கள் பொதுச் சாலையில்தான் போகிறார்கள். அங்கே சாலை விதிகளை மதித்தே ஆக வேண்டும். பந்தயப் பாதையே ஒரு ஊரை ஒட்டிப் போனால், அங்கே மணிக்கு 30 அல்லது 50 கி.மீ. என்று வேக வரம்பு வைப்பார்கள். மீறியவர்களைக் கருவி காட்டிக்கொடுக்கும், அபராதம் விழும்.

2024 டக்காரில் ஹோண்டாவின் ரிக்கி பிரபெக் முதலிடம். இந்திய நிறுவனமான ஹீரோவின் பைக்கில் ஓட்டிய போட்ஸ்வானா வீரர் ராஸ் பிராஞ்ச் இரண்டாமிடம். 51 மணி நேரத்துக்கு மேல் ஓடிய பந்தயத்தில் இருவருக்கும் நடுவே சுமார் 11 நிமிடம்தான் வித்தியாசம். அந்த அளவுக்கு நிமிடங்கள் விலைமதிப்புள்ள இடத்தில்கூட, ஊர் எல்லை வந்தால் வேகத்தைக் குறைக்கிறார்கள். நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் வீலிங் செய்பவர்கள் இந்த ஒரு காட்சியைப் பார்த்தால் போதும்.

இன்னொரு விதியும் சொல்ல வேண்டும். விழுந்து கிடக்கும் வீரருக்கு உதவ சக வீரர் நின்றால், அந்த நேரம் அவருக்குத் திருப்பித் தரப்படும். போட்டியாளர்தானே என்று யாரும் கடந்து போகக் கூடாது என்பதற்காகவே இது.

விதிகள் இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் இழப்புகள். 2020-ல் ஹீரோ அணியின் போர்ச்சுகல் வீரர் பாவ்லோ கொன்சால்வ்ஸ் ஏழாவது சுற்றில் உயிரிழந்தார். 2021 முதல் பைக் வீரர்களுக்கு ஏர்பேக் ஜாக்கெட் கட்டாயமானது. அதே ஆண்டு நான்காவது சுற்றில் விழுந்து, தலையில் அடிபட்டு மருத்துவக் கோமாவில் வைக்கப்பட்டவர் பெங்களூரைச் சேர்ந்த சி.எஸ். சந்தோஷ். 2015-ல் டக்காரை முடித்த முதல் இந்தியர் அவர். ஹெலிகாப்டர், மருத்துவர், ஏர்பேக், பல ஆண்டுப் பயிற்சி எல்லாம் இருக்கும் இடத்திலேயே இந்த நிலை.

அதே பாகங்கள் நம் ரோட்டுக்கு வந்தால்?

இந்தியாவில் இப்போது போட்டி பைக்குகளைக் காசு கொடுத்து வாங்க முடிகிறது. கேடிஎம், கவாஸாகி போன்ற நிறுவனங்கள் விற்கின்றன. 2024 இறுதியில் அறிமுகமான கேடிஎம் 450 எஸ்எக்ஸ்-எஃப்-ன் ஷோரூம் விலையே 10 லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஆனால், அதை ஆர்டிஓ-வில் பதிவு செய்ய முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-வது பிரிவின்படி பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது குற்றம். டிராக்குக்கு வேனில் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

பெரும்பாலானோர் அவ்வளவு தூரம் போவதில்லை. இருக்கிற பைக்கையே ‘ராலி லுக்’குக்கு மாற்றுகிறார்கள். அங்கேதான் கவனம் தேவை.

மிரரைக் கழற்றுகிறார்கள். மூடிய டிராக்கில் எதிரே வண்டி வராது, பின்னால் பஸ் வராது. ஜிஎஸ்டி ரோட்டில் இரண்டும் வரும்.

முள் டயர் மாட்டுகிறார்கள். மண்ணைக் கவ்வும் அந்த ரப்பர் கட்டைகள் தார் ரோட்டில் முழுதாகப் பதியாது. மழை பெய்த ரோட்டில் சடன் பிரேக் போட்டால் வண்டி நிற்கும் தூரம் கூடும்.

ஏபிஎஸ்-ஐச் செயலிழக்கச் செய்கிறார்கள். தளர்ந்த மண்ணில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே லாக் செய்து திருப்புவது ஒரு உத்தி, உண்மைதான். அதனால்தான் ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் போன்ற பைக்குகளில் ஆஃப் ரோடுக்கென்று தனி வசதியே கொடுத்திருக்கிறார்கள். தார் ரோட்டில் அதை ஆன் செய்துதான் வைக்க வேண்டும்.

சைலன்ஸரை மாற்றுகிறார்கள். போட்டி சைலன்ஸரின் நோக்கம் எடைக் குறைப்பும் எஞ்சின் டியூனிங்கும்தான். சத்தம் அதன் பக்க விளைவு. நம் ஊரில் அந்தப் பக்க விளைவை மட்டும் காசு கொடுத்து வாங்குகிறோம். தவிர, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கோரிக்கையில் இது கேள்வியாக வந்து நிற்கலாம்.

அப்போ எதைத்தான் எடுத்துக்கொள்வது?

நிறைய இருக்கிறது. ஆனால், அவற்றில் பல பைக்கில் மாட்டும் பொருள் இல்லை.

ராலி வீரர் தலை முதல் கால் வரை என்ன போட்டிருக்கிறார் என்று பாருங்கள். தரமான ஹெல்மெட், உடல் கவசம், முழங்கால் காப்பு, கணுக்கால் மூடிய பூட்ஸ், கையுறை. சைலன்ஸருக்குச் செலவு செய்யும் தொகையில் இவற்றில் பாதியை வாங்கிவிடலாம். ஆனால், 30 ஆயிரம் ரூபாய்க்கு சைலன்ஸர் மாட்டிய பைக்கில் செருப்புக் காலோடு போகிறவர்களைத்தான் நாம் அதிகம் பார்க்கிறோம்.

பைக்கில் மாட்டுவது என்றால், கை விரல்களைக் காக்கும் ஹேண்ட் கார்டு, எஞ்சினுக்குக் கீழே கவசத் தட்டு, பிடிப்பான ஃபுட் பெக். உடைந்த கிராமச் சாலைகளில் அடிக்கடி போகிறவர்களுக்கு இவை உண்மையிலேயே உதவும்.

எடையையும் கவனியுங்கள். மண்ணில் விழுந்த பைக்கைத் தனியாகத் தூக்கி நிறுத்த முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. முடியாதென்றால், அதிக சிசி உங்களுக்குச் சுமைதான்.

கடைசியாக, கற்றுக்கொள்ள இடம். ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் பயிற்சி டிராக்குகள் இருக்கின்றன. சந்தோஷ் தொடங்கிய பிக் ராக் டர்ட் பார்க், கோலார் அருகே இயங்குகிறது. போட்டியிட விரும்பினால் எஃப்எம்எஸ்சிஐ அமைப்பின் உரிமம் பெற்று முறையாகக் களமிறங்கலாம். காப்புக்காடு என்று பலகை வைத்த இடத்துக்குள் வண்டியோடு நுழைந்து ‘டிரெயில்’ ஓட்டுவது சாகசக் கணக்கில் வராது, வனச் சட்டப்படி அது குற்றம்.

இந்த வழியில் போனவர்கள் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டிவிஎஸ், பிரான்ஸின் ஷெர்கோவுடன் சேர்ந்து 2015 முதல் டக்காரில் அணி இறக்கியது. அந்த அணியின் கேரள வீரர் ஹரித் நோவா, 2024 டக்காரில் ராலி 2 பிரிவில் முதலிடமும், ஒட்டுமொத்தத்தில் 11-வது இடமும் பிடித்தார். பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ல் எஃப்ஐஎம் பாஜா உலகக் கோப்பையில் பெண்கள் பட்டத்தை வென்றார். இருவரும் ஆண்டுக்கணக்கில் உள்நாட்டுப் போட்டிகளில் ஓட்டி, விழுந்து, எழுந்து அங்கே போனவர்கள்.

எனவே, அடுத்த முறை ‘ராலி கிட்’ விளம்பரம் கண்ணில் பட்டால், வாங்கும் பட்டனைத் தட்டும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பாகம் எந்தப் பிரச்சினைக்காகச் செய்யப்பட்டது, அந்தப் பிரச்சினை என் ரோட்டில் இருக்கிறதா? இல்லை என்றால் அந்தப் பணத்தை ஹெல்மெட்டுக்கும் பூட்ஸுக்கும் ஒதுக்குங்கள்.